பணம் கட்டாமல் விட்ட சாமான்கள்: கல்லாவிலும் சுயசேவை மெஷினிலும் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் நடுத்தரக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு கல்லா, இரண்டு சுயசேவை மெஷின், ஸ்டோர் வாசலில் ஒரு திருப்பு மேசை. கல்லாவில் விடப்பட்ட சாமானை அந்த மேசையில் ஸ்கேன் செய்தால், எந்த ராக்குக்குப் போக வேண்டும் என்று சீட்டு வரும். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கூலி கைக்கு வந்துவிட வேண்டும் என்பது சட்டம். அதனால் மாதத்தின் முதல் வாரம் கடை நிரம்பும். “இது வேணாம், வச்சிடுங்க” என்று விடப்படும் சாமான் குவிவதும் அந்த வாரத்தில்தான்.

வேண்டாத சாமான் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் கணினிக்கு அது மூன்று வேறு விஷயம். ஸ்கேனே ஆகாமல் பிஸ்கட் ராக்கில் செருகிவிட்டுப் போன கோழியைப் பற்றிக் கணினிக்கு ஒன்றும் தெரியாது. ஸ்கேன் ஆகி, பணம் கட்டும் முன் நீக்கிய சாமான் பில்லில் வாய்டு வரியாகப் பதிவாகி இருக்கும். மூன்றாவது வகைதான் வம்பு: கஸ்டமர் பணம் கட்டிவிட்டார், மெஷினுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. எந்தக் கோளாறானாலும் கையில் இருக்கும் சாமான் இந்த மூன்றில் எது என்று முடிவு செய்த பிறகே ராக்கில் வையுங்கள். வைத்துவிட்டால் அதைத் திரும்பக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். கையில் குளிர்சாமான் இருந்தால் மட்டும் முதலில் அந்தப் பகுதிக்குப் போங்கள், மற்றதெல்லாம் காத்திருக்கும்.

சாமானை நீக்கியாயிற்று, சுயசேவை மெஷின் நகர மறுக்கிறது

கஸ்டமர் ஒரு சாமானை நீக்கியதும், பை வைக்கும் தட்டில் அந்த எடை குறைகிறதா என்று மெஷின் பார்க்கும். குறையாவிட்டால், அல்லது குறைந்த அளவு பதிவில் உள்ள எடையோடு ஒத்துப்போகாவிட்டால், சிவப்பு விளக்கு எரிந்து ஆளைக் கூப்பிடும்.

முதலில் தட்டைப் பாருங்கள். திரையில் நீக்கிவிட்டுச் சாமானைப் பையிலேயே விட்டுவிடுவது சகஜம். அதை எடுத்தும் சரியாகவில்லை என்றால் தட்டை முழுக்கக் காலி செய்து, மேலாளர் திரையில் எடை எத்தனை காட்டுகிறது என்று பாருங்கள். சுழியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தட்டைத் தூக்கி அடியில் பாருங்கள். சிந்திய அரிசி, பருப்பு, சுருண்ட ரசீது, பிளாஸ்டிக் பையின் கைப்பிடி என்று ஏதாவது கிடைக்கும். தட்டின் ஓரம் பக்கத்துப் பலகையில் உரசினாலும் இதே கதைதான்; சுற்றிலும் ஒரு தாள் தடையில்லாமல் போய்வரும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். மேலே கூரை விசிறி சுற்றினால் எடை ஆடிக்கொண்டே இருக்கும். விசிறியை நிறுத்தியதும் ஆட்டம் நின்றால் மெஷினில் குறை இல்லை.

சுழியம் சரியாக இருந்தும் சிக்கல் தொடர்ந்தால், 1 கிலோ சோதனைக் கல்லை நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். சோதனைக் கல் இல்லாவிட்டால், முத்திரையிட்ட தராசில் நிறுத்து உறுதி செய்த ஒரு பாக்கெட் போதும். மூலைக்கு மூலை 10 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் எடையுணரியோ அதைத் தாங்கும் திருகோ கெட்டிருக்கிறது. டெக்னிஷன் வந்தால் மின்சாரத்தை அணைத்து, 350 ஓம் வகை உணரியில் சிக்னல் கம்பி இரண்டுக்கும் இடையே 350 ஓம் அருகில் வருகிறதா என்று அளப்பார். மிக அதிகமாகவோ சுழியமாகவோ காட்டினால் உணரியை மாற்ற வேண்டியதுதான்.

நான்கு மூலையும் சரி, ஆனால் குறிப்பிட்ட சில சாமானுக்கு மட்டும் மெஷின் நிற்கிறது என்றால் தட்டை விட்டுவிட்டு எடைப் பதிவைப் பாருங்கள். ஊரில் வீட்டில் சுட்டுக் கட்டித் தரும் முறுக்கு, மிக்சர், தட்டை பாக்கெட்டுகள் ஒன்றுக்கொன்று 20, 30 கிராம் கூடக் குறைய இருக்கும். மெஷின் முதலில் பார்த்த ஒரு பாக்கெட்டின் எடையைச் சரியான எடையாக எடுத்துக்கொண்டு அடுத்ததைச் சந்தேகிக்கும். பத்துப் பாக்கெட்டை நிறுத்து, குறைந்ததையும் கூடியதையும் அந்தச் சாமானின் எல்லையாகப் பதியுங்கள். எல்லாச் சாமானுக்கும் பொதுவாக எல்லையைத் தளர்த்தி விடாதீர்கள். தளர்த்தினால் விளக்கு எரியாது, உண்மைதான். சின்னச் சோப்பு ஒன்று ஸ்கேன் ஆகாமல் பைக்குள் போனாலும் எரியாது.

பில் தானாக ரத்தானது, கஸ்டமர் “காசு போயிருச்சு” என்கிறார்

இதில்தான் கடைக்காரரும் கஸ்டமரும் முகம் சுளித்துப் பிரிவது. பொறுமையாகப் பார்க்க வேண்டிய கோளாறு இது.

நடப்பது இதுதான். கஸ்டமர் கியூஆர் குறியை ஸ்கேன் செய்கிறார். வங்கிப் பக்கம் பணம் நகர்ந்துவிடுகிறது. ‘பணம் வந்தது’ என்ற பதில் கடை மெஷினுக்கு வர வேண்டும். அது வரும் முன் மெஷினின் காத்திருப்பு நேரம் முடிந்தால், கஸ்டமர் சாமானை விட்டுப் போய்விட்டதாக மெஷின் நினைத்துப் பில்லை ரத்து செய்யும். சாமான் திருப்புப் பட்டியலில் ஏறிவிடும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது:

சாமானைத் திருப்பு மேசைக்கு அனுப்பாதீர்கள். கல்லாவுக்குப் பின்னால் தனி நிறத்தில் ஒரு கூடை வைத்து அதில் போடுங்கள். பில் எண்ணை ஒரு சீட்டில் எழுதி மேலே வையுங்கள்.

பிறகு கடையின் சொந்த வணிகர் செயலியையோ வங்கிப் பக்கத்தையோ திறந்து, அதே தொகை வந்திருக்கிறதா என்று தேடுங்கள். சென் வரை ஒத்துப்போக வேண்டும், 37.85 என்றால் 37.85தான். கஸ்டமர் நீட்டும் போன் திரையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், மறுக்கவும் செய்யாதீர்கள். அதிலிருந்து உங்களுக்கு வேண்டியது பரிவர்த்தனை எண் ஒன்றுதான். அதை உங்கள் பட்டியலில் தேடுங்கள்.

வந்திருந்தால், ரத்தான பில்லைத் திரும்பக் கூப்பிட்டு ‘கையால் பதிந்த கியூஆர்’ என்ற வகையில் முடித்து, பரிவர்த்தனை எண்ணையும் பதியுங்கள். பில்லைத் திரும்பக் கூப்பிட முடியாத மென்பொருளில் எல்லாச் சாமானையும் மறுபடி ஸ்கேன் செய்து அதே வகையில் முடிக்கலாம். கஸ்டமரை இரண்டாம் முறை பணம் கட்டச் சொல்லி, முதல் பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சமாளிப்பது வேண்டாம். இரண்டு நாள் கழித்து எந்தப் பணம் எந்தப் பில்லுக்கு என்று யாருக்கும் புரியாது.

வராவிட்டால் 15 நிமிடம் கூடையிலேயே இருக்கட்டும். குளிர்சாமானை மட்டும் பில் எண்ணோடு சில்லரில் வையுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் கஸ்டமரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவர் விரும்பினால் ரொக்கமாக முடிக்கலாம். பணம் பின்னால் வந்து சேர்ந்தால் வந்த வழியிலேயே திருப்பி அனுப்புங்கள். கல்லாவிலிருந்து ரொக்கமாக எடுத்துக் கொடுத்தால் அன்றைய கணக்கு இரண்டு பக்கமும் கோணலாகும்.

மறுபடி வராமல் தடுக்க மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும்.

கியூஆர் குறியின் ஆயுளும் மெஷினின் காத்திருப்பும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். குறி 90 வினாடி செல்லுபடியாகும், மெஷின் 60 வினாடியில் ரத்து செய்யும் என்று அமைத்திருந்தால், நடுவில் உள்ள 30 வினாடியில் பணம் கட்டியவர் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். மெஷினின் காத்திருப்பு குறியின் ஆயுளைவிட ஒரு நிமிடமாவது கூடுதலாக இருக்கட்டும். பணம் கட்டும் திரைக்கு வந்த பிறகு ‘யாரும் இல்லை’ என்ற கணக்கையே நிறுத்திவைக்கும் வசதி பல மென்பொருளில் உண்டு. இருந்தால் அதைத்தான் போட வேண்டும்.

அடுத்தது கடிகாரம். கல்லா மெஷின் ஒரு நேரமும் வங்கிப் பட்டியல் இன்னொரு நேரமும் காட்டினால், 5 நிமிட வித்தியாசத்தில் ஒரே தொகை உள்ள இரண்டு பில்லைக் குழப்பிக்கொள்வீர்கள். எல்லா மெஷினும் நேரத்தை இணையத்திலிருந்து தானாகச் சரிசெய்யும்படி அமையுங்கள்.

மூன்றாவது இணையம். பின்மதியம் இடியோடு மழை பிடிக்கும் ஊரில் ஒரு நொடி மின்தடைகூடப் போதும். மெஷினுக்கு யுபிஎஸ் இருக்கும், அது அசையாமல் ஓடும். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சாதாரண ப்ளக்கில் இருக்கும். மெஷின் உயிரோடு, இணையம் செத்துப்போய், பதில் வரும் வழியே அடைபடும். ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். இரண்டும் இழுக்கும் மின்சாரம் கொஞ்சம்தான்.

ஒட்டுப்படமாக மேசையில் நிற்கும் நிலையான கியூஆர் உள்ள கடைகளுக்கு ஒரு வார்த்தை. அந்தக் குறிக்குப் பில் எண் தெரியாது. பணம் வந்தாலும் எந்தப் பில்லுக்கு என்று மெஷின் தானாகச் சேர்க்காது. காசியர் கண்ணால் பார்த்துச் சேர்த்தால்தான் உண்டு. சுயசேவை மெஷினில் நிலையான குறி ஒட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது.

சாரா உதவித்தொகையில் சில சாமான் நிற்கிறது, கல்லா ஓரம் குவிகிறது

மைகாட்டை (அடையாள அட்டையை) மெஷினில் செருகி, அரசு தரும் சாரா உதவித்தொகையில் கட்டும்போது, தகுதியுள்ள வகைகளுக்குத்தான் பணம் நகரும். அரிசி, முட்டை, ரொட்டி, சமையல் எண்ணெய் போன்றவை போகும். மற்றவை நிற்கும். நின்றதைக் கஸ்டமர் ரொக்கமாகக் கட்டுவார், இல்லையென்றால் விட்டுவிட்டுப் போவார். இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. ஆனால் வரிசை நீண்ட பிறகு கல்லாவிலேயே தெரிய வந்தால் அரை கூடைச் சாமான் ஒரே பில்லில் வாய்டாகிக் கிடக்கும்.

தகுதியுள்ள சாமானை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பெல்ட்டில் ஒரு பிரிப்புக் கட்டை போட்டு மற்றதைப் பின்னால் வையுங்கள். சாராவுக்கு ஒரு பில், ரொக்கத்துக்கு ஒரு பில். ஸ்கேன் தொடங்கும் முன் மிச்சத்தைப் பார்ப்பது இன்னும் நல்லது. 100 வெள்ளி (ரிங்கிட்) இருப்பதாக நம்பி வந்தவர் கணக்கில் 23 வெள்ளிதான் மீதி என்றால், மீதிக்கு மேல் உள்ளதை நீக்கவோ ரொக்கமாகக் கட்டவோ வேண்டிவரும். பேச்சைச் சுருக்கமாக, மற்றவர் காதில் விழாமல் வைத்துக்கொள்ளுங்கள்: “பாட்டி, இந்த மூனும் ஐசியில வராது. காசா தர்றீங்களா, எடுத்து வச்சிடட்டுமா?” அவ்வளவு போதும்.

போன வாரம் வரை போன சாமான் திடீரென்று மறுக்கப்படுகிறது என்றால் உறையைப் பாருங்கள். கம்பெனி உறையை மாற்றும்போது பார்கோடும் மாறியிருக்கலாம். பழைய பாக்கெட்டின் 13 இலக்கத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் புதிய எண்ணைப் பட்டியலில் சேர்க்கும்படி சேவை வழங்குநருக்கு அனுப்ப வேண்டும். உங்கள் மென்பொருளில் பழைய எண்ணில் ஸ்கேன் செய்து சமாளிக்க வேண்டாம். அது தணிக்கையில் பிடிபடும்.

கல்லாக் கணக்கு காசு வெளியே போனதாகக் காட்டுகிறது, ஸ்டாக் கூடுதலாகக் காட்டுகிறது

இரண்டும் ஒரே நாளில், ஒரே தொகைக்கு நடந்தால் தேட வேண்டியது ஒன்றே ஒன்று: வாய்டு போட வேண்டிய இடத்தில் ரிஃபண்டு போட்டிருக்கிறார்கள்.

கணக்குப் பாருங்கள். 7.90 வெள்ளி ஷாம்பூவைக் கஸ்டமர் பணம் கட்டும் முன் வேண்டாம் என்கிறார். சரியான வழி அந்த வரியை நீக்குவது. பில்லில் அது இல்லை, ஸ்டாக்கில் மாற்றம் இல்லை, கல்லாவில் மாற்றம் இல்லை. ஆனால் காசியருக்கு வாய்டு போட அனுமதி இல்லை, சூப்பர்வைசர் ஸ்டோரில் இருக்கிறார். காசியர் ஷாம்பூவைத் தன் காலடியில் வைத்துவிட்டுப் பில்லை வேறு வழியில் முடித்து, பிறகு ‘திரும்ப வந்தது’ என்று ரிஃபண்டு போடுகிறார். விற்காத ஷாம்பூ திரும்பி வந்ததாகப் பதிவாகிறது: ஸ்டாக் ஒன்று கூடுகிறது, கல்லாவில் 7.90 வெளியே போனதாகக் கணக்கு. அந்தப் பணம் உண்மையில் எடுக்கப்படாவிட்டால் நாள் முடிவில் கல்லாவில் 7.90 கூடுதலாக இருக்கும். எடுக்கப்பட்டிருந்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும், காசு மட்டும் போய்விட்டிருக்கும். இரண்டாவதுதான் கவலைப்பட வேண்டியது.

அன்றைய ரிஃபண்டு பட்டியலை எடுத்து, மூல ரசீது எண் இல்லாமல் போட்டவற்றை மட்டும் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் அதே கல்லாவில், அதே 10 நிமிடத்துக்குள் நடந்த பில்களோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று கிடைத்ததும் காரணம் தெரிந்துவிடும்.

மூல ரசீது இல்லாமல் ரிஃபண்டு போடவே முடியாதபடி பூட்டுவதுதான் மருந்து. அதோடு, பணம் கட்டும் முன் வரியை நீக்கும் அனுமதியைக் காசியருக்கே ஒரு தொகை வரை கொடுங்கள், 20 வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவதைச் செய்யத்தான் முதலாளிமார் தயங்குகிறார்கள். அனுமதியை இறுக்கினால் திருட்டு குறையும் என்ற நினைப்பு. உண்மையில் இறுக்க இறுக்கக் குறுக்கு வழி கூடும். நீக்கிய வரிகளின் பட்டியலை வாரம் ஒருமுறை ஆள்வாரியாகப் பார்த்தால் போதும்.

ஓரிரு சென் வித்தியாசம் மட்டும் என்றால் திருட்டைத் தேட வேண்டாம். 2008 ஏப்ரல் முதல் ரொக்கப் பில்லின் மொத்தத்தை 5 சென்னுக்கு நெருக்கித்தான் வாங்குகிறோம். பில் 18.38, ரொக்கத்துக்கு 18.40 என்று நெருக்கியாயிற்று. பிறகு கஸ்டமர் 4.19 சாமானை நீக்கச் சொல்கிறார். சரியான மென்பொருள் 14.19 என்று கணக்கிட்டு 14.20 ஆக நெருக்கும். நெருக்கிய தொகையிலிருந்து கழிக்கும் மென்பொருள் 14.21 காட்டும். மொத்தம் போட்ட பிறகு நீக்கிய பில்களில் மட்டும் இந்த ஒரு சென் தொங்கினால் மென்பொருள் தந்தவரிடம் சொல்லித் திருத்துங்கள்.

குளிர்சாமான்: எப்போது வெளியே வந்தது என்று தெரியவில்லை

தெரியவில்லை என்றால் திரும்ப வைக்காதீர்கள். இதில் பேரம் இல்லை. கோழி, மீன், பால், தயிர், வெட்டிய பழம் எல்லாவற்றுக்கும் இதே விதி. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமி வேகமாகப் பெருகும். நம் ஊர் மதியம் 33 டிகிரி.

தெரிந்திருந்தால், அதாவது கல்லாவில் நீக்கிய நேரம் பில்லில் பதிவாகி இருந்தால், திருப்பு மேசையில் இப்படிச் செய்யுங்கள். சில்லர் சாமானை எடுத்து, இரண்டு பாக்கெட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுவில் வெப்பமானியின் ஊசியைச் செருகுங்கள். ஒரே பாக்கெட் என்றால் அதை மடித்து மடிப்புக்குள் வையுங்கள். 5 டிகிரிக்குள், வெளியே வந்து 20 நிமிடத்துக்குள் என்றால் உடனே சில்லருக்கு. இரண்டில் ஒன்று மீறினால் கழிவு. உறைந்த சாமானுக்கு விரல்தான் அளவுகோல்: மூலைகளை அழுத்துங்கள், எங்கும் அமுங்காமல் கல்லாக இருந்தால் ஃப்ரீசருக்குப் போகலாம். ஒரு மூலை அமுங்கினாலும் மறுபடி உறைய வைக்கக் கூடாது. ஐஸ்கிரீமைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பக்கம் இளகினால் கழிவு.

துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியைத்தான் பல கடையில் வைத்திருக்கிறார்கள், வேகமாக இருப்பதால். பளபளக்கும் வெள்ளித்தாள் உறையில் அது பொய் சொல்லும். உறை எதிரொளிக்கும் சுற்றுப்புற வெப்பத்தையும் சேர்த்துப் படிக்கும். அந்த உறையில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, சற்று நேரம் கழித்து டேப்பின் மேல் அளந்தால் ஓரளவு சரியாக வரும். ஊசி வெப்பமானியை வாரம் ஒருமுறை சோதியுங்கள்: நொறுக்கிய ஐஸ் நிறைய, தண்ணீர் கொஞ்சம், கலக்கி 2 நிமிடம். 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் திருத்துங்கள் அல்லது மாற்றுங்கள்.

இந்த இடத்தில் கணினி செய்யும் ஒரு தவறு உண்டு. சாமான் பட்டியலில் ‘பால்’ என்று ஒரே வகை போட்டிருந்தால், பெட்டியில் வரும் நீண்டநாள் பாலும் சில்லரில் இருக்க வேண்டிய பசும்பாலும் ஒரே சீட்டில் ராக்குக்குப் போகும். திருப்புச் சீட்டில் பசும்பாலுக்கு ராக் எண் வந்தால் வகைப்பட்டியலைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு சாமானுக்கும் ‘சில்லர்’, ‘ஃப்ரீசர்’, ‘வெளி’ என்று தனிக் குறி வையுங்கள். குளிர்சாமானை ஸ்கேன் செய்ததும் மேசையில் மணி அடிக்கும்படி அமைக்கலாம். அந்த மணி அடிக்காவிட்டால் குளிர்க்கூடை மற்றக் கூடைகளுக்கு நடுவில் மறந்துபோகும்.

ஸ்கேனே ஆகாமல் ராக்குகளில் செருகிவிட்டுப் போனவை எந்த மெஷினுக்கும் தெரியாது. முதல் வாரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் கூடையோடு ஒரு சுற்று வர வேண்டும். இதற்கு மாற்று இல்லை. சுற்றின் நேரத்தைத் திருப்பு மேசையில் பதிந்தால், அடுத்த சுற்றில் கிடைக்கும் சாமான் வெளியே அதிகபட்சம் எத்தனை நிமிடம் இருந்தது என்று சொல்லலாம். சுற்று வந்தவர் அந்த ராக்கைச் சரியாகப் பார்த்தார் என்றால் மட்டும்.

கழிவு என்று முடிவானதைக் கழிவாகப் பதியுங்கள். பதியாமல் குப்பையில் போட்டால் ஸ்டாக்கில் இருக்கும், ராக்கில் இருக்காது. கணினி புதிதாக ஆர்டர் போடாது.

திருப்பு மேசையில் “சாமான் கிடைக்கவில்லை” என்று வருகிறது

பெரும்பாலும் தராசு அச்சிட்ட லேபிள்தான். 955 என்று தொடங்கும் 13 இலக்கம் மலேசியாவில் பதிந்த கம்பெனியின் எண். அது எல்லாக் கடையிலும் ஒன்றே. 2 என்று தொடங்கினால் உங்கள் கடைத் தராசு உருவாக்கியது, சாமான் எண்ணும் விலையும் சேர்ந்தே இருக்கும். உதாரணமாக 2000417006853 என்ற லேபிளில் முதல் இரண்டு இலக்கம் அடையாளம், 00417 சாமான் எண், 00685 என்றால் 6.85 வெள்ளி, கடைசி 3 சரிபார்ப்பு இலக்கம். திருப்பு மேசை முழு 13 இலக்கத்தையும் ஒரே சாமானாகத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? சாமான் எண்ணான அந்த ஐந்து இலக்கத்தை மட்டும் எடுக்கும்படி அமைப்பில் மாற்றுங்கள். கல்லாவில் இந்த அமைப்பு ஏற்கனவே சரியாக இருக்கும். அதையே நகலெடுத்தால் போதும். எந்த இலக்கம் எதற்கு என்பது தராசின் அமைப்பைப் பொறுத்தது, எனவே ஒரு லேபிளை அச்சிட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

காய்கறி, நெத்திலி போன்றவற்றை மறுபடி குவியலில் கொட்டும் முன் லேபிளைக் கிழித்துப் போடுங்கள். முழு லேபிளைக் குப்பையில் விட்டால், அதை எடுத்துப் பெரிய பையில் ஒட்டிக் கல்லாவுக்கு வருபவரும் உண்டு.

சீட்டு வருகிறது, ஆனால் தவறான ராக் எண் என்றால் பண்டிகைதான் காரணம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சாமானை முன்பக்க அடுக்குக்கு நகர்த்துகிறோம், கணினியில் நகர்த்துவதில்லை. பண்டிகை அடுக்குக்குத் தனி எண் கொடுத்து, தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் போட்டால் பண்டிகை முடிந்ததும் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

திரும்ப வைத்த சாமானுக்கு வாசலில் மணி அடிப்பதில்லை

திருட்டைத் தடுக்கும் 8.2 மெகாஹெர்ட்ஸ் ஒட்டு லேபிள் உள்ள கடைகளில், பல கல்லாக்கள் ஸ்கேன் ஆன நொடியே லேபிளைக் கொன்றுவிடும். பிறகு அந்த வரியை நீக்கினாலும் லேபிள் உயிர்பெறாது. புதிதாக ஒட்டித்தான் ராக்கில் வைக்க வேண்டும். 58 கிலோஹெர்ட்ஸ் வகையாக இருந்தால் அதற்குரிய தட்டில் மறுபடி உயிர்ப்பிக்கலாம். லேபிளைக் கொல்வது பணம் கட்டிய பிறகு நடக்கும்படி கல்லாவை அமைக்க முடிந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மாவுப்பால் டின்னின் உலோகப் பக்கத்தில் 8.2 லேபிளை ஒட்டுவது வீண். உலோகம் அதை ஊமையாக்கும்.

மதுபானம், சிகரெட், ஹலால் அல்லாதவை

இவை எந்தக் காரணத்துக்காகவும் பொதுத் திருப்புக் கூடைக்குள் போகக் கூடாது. மூடிய தனிக் கூடை, தனி ஆள், நேராகத் தன் இடத்துக்கு. மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வயது சரிபார்ப்பில் நின்ற பில்லைச் சுயசேவை மெஷின் ரத்து செய்தால் பாட்டில் தட்டிலேயே நிற்கும், அடுத்தவர் பைக்குள் போகும். அந்த வகை ரத்தில் ஆளை அழைக்கும் விளக்கு எரியும்படி அமையுங்கள். சிகரெட்டை வெளியே தெரியும்படி வைக்க அனுமதி இல்லை. கல்லா மேலே ஒரு நிமிடம்கூட விடாமல் மூடிய அலமாரிக்குள் போக வேண்டும்.

நாள் முடிவு மூட மறுக்கிறது, நிறுத்திவைத்த பில்கள் தொங்குகின்றன

‘பணம் எடுத்துட்டு வர்றேன்’ என்று போனவர் வராத பில்கள் இவை. சில மென்பொருள் நிறுத்திவைத்த பில்லில் உள்ள சாமானை ஸ்டாக்கிலிருந்து ஒதுக்கிவிடும். ராக்கில் ஆறு இருக்கும், கணினி இரண்டு என்று சொல்லும். கடை மூடும் முன் தொங்கும் பில் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றையும் முதலில் கியூஆர் வரவோடு ஒப்பிட்டுவிட்டு ரத்து செய்யுங்கள். ஒப்பிடாமல் மொத்தமாக அழிக்கும் பொத்தானை அழுத்தினால், பணம் வந்த பில்லும் சேர்ந்து போய்விடும். தானாக அழிக்கும் நேரம் கடை மூடி ஒரு மணி நேரமாவது கழித்து வரும்படி வையுங்கள். ஒப்பிட்டு முடிக்கும் வரை எதுவும் அழியக் கூடாது.

வாங்காமல் வெளியேறுபவர் வாசல் கதவில் மாட்டிக்கொள்கிறார்

ரசீதை ஸ்கேன் செய்தால் திறக்கும் கதவு போட்டவர்களுக்கு மட்டும். ஒன்றும் வாங்காதவருக்கு ரசீது ஏது? பக்கத்தில் ஆள் திறக்கும் ஒரு வழி வேண்டும். மின்சாரம் போனதும் கதவு தானாகத் திறந்துகொள்கிறதா என்று மாதம் ஒருமுறை மெயினை அணைத்துச் சோதியுங்கள். திறக்காவிட்டால் சரிசெய்யும் வரை கதவைக் கழற்றி வையுங்கள்.

டெக்னிஷனைக் கூப்பிடும்போது

ஈப்போவிலிருந்து ஆள் வந்து, என்ன நடந்தது என்று மறுபடி செய்து காட்டச் சொல்லும்போது கோளாறு வராது, அது வழக்கம். அதனால் நடந்த நேரத்திலேயே இவற்றைக் குறித்து வையுங்கள்: மெஷின் எண், பில் எண், திரையில் வந்த செய்தி சொல்லுக்குச் சொல் (போட்டோ எடுத்தால் நல்லது), வங்கிப் பட்டியலில் தெரிந்த நேரத்துக்கும் மெஷின் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம், அன்று இடி மழை இருந்ததா, அந்த வாரம் மென்பொருளோ சாமான் பட்டியலோ புதுப்பிக்கப்பட்டதா. தட்டுக் கோளாறு என்றால் நான்கு மூலையிலும் வந்த எடை. பில் ரத்து என்றால் அன்றைய வாய்டு பட்டியலின் நகல். மெஷினை மறுதொடக்கம் செய்யும் முன் இதையெல்லாம் எடுத்துவிடுங்கள்; சில மெஷின் தொடங்கும்போது பழைய பதிவை அழித்துவிட்டுத்தான் எழும்.